கொடையும் கோப்பையும்: ஐஸ் ஹாக்கி வீரர்களின் சமூகத்தொண்டுக்கு விருது எதற்கு?

கொடுப்பவருக்குப் புகழ் வரலாமா, வந்தால் அது கொடையின் மதிப்பைக் குறைக்குமா என்ற வழக்கு மிகப் பழையது. திருக்குறள் ஈகை அதிகாரத்தை அடுத்துப் புகழ் அதிகாரத்தை வைத்தது. கொடுத்தவர் புகழப்படுவதில் வள்ளுவருக்குக் கூச்சம் ஏதும் இருந்ததாகத் தெரியவில்லை. இயேசுவின் மலைப்பொழிவோ தருமத்தை மறைவில் செய்யச் சொல்லும். 12-ஆம் நூற்றாண்டின் யூத அறிஞர் மைமோனிடிஸ் கொடையை எட்டுப் படிகளாகப் பிரித்தார். கொடுத்தவர் யார், பெற்றவர் யார் என்று இருவருக்குமே தெரியாத உதவியை மேலிருந்து இரண்டாம் படியில் வைத்தார். பெறுபவர் இனி எவரிடமும் கையேந்தாதபடி செய்வது அவருக்கு முதற்படி. இவற்றில் எந்த விடையைக் கையில் எடுத்துக்கொண்டு பார்த்தாலும், பெருஞ்சம்பளம் வாங்கும் ஆட்டக்காரருக்கு, அவர் ஆடும் லீக்கே, ஊருக்கு நல்லது செய்ததற்காக மேடையேற்றிக் கோப்பை தருவது யோசிக்க வைக்கும் காட்சிதான்.

வட அமெரிக்காவின் நேஷனல் ஹாக்கி லீக் (என்.எச்.எல்.) 1988 முதல் இதைச் செய்துவருகிறது. கோப்பையின் பெயர் கிங் கிளான்சி நினைவுக் கோப்பை. ஐஸ் அரங்கத்துக்கு உள்ளேயும் வெளியேயும் தலைமைப் பண்பு காட்டி, தன் சமூகத்துக்குக் குறிப்பிடத்தக்க மனிதநேயப் பங்களிப்பும் செய்தவருக்கு உரியது அது. சம்பளத் தகராறில் 2004-05 பருவம் முழுவதும் ரத்தானதால் 2005-இல் மட்டும் அது வழங்கப்படவில்லை. இந்தக் கௌரவம் எதற்காக, யாருக்குப் பயன், எதை அளக்கிறது என்பவற்றுக்கு இதுவரை வந்துள்ள விடைகள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. அவற்றை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தது, எங்கே தடுக்கி விழுகிறது என்று பார்ப்பதே இங்கு நோக்கம்.

கோப்பை வந்த வழி

இவ்விஷயத்தில் ஹாக்கி முன்னோடி அல்ல. அமெரிக்கக் கால்பந்து லீக் 1970-இலேயே ஆண்டின் சிறந்த மனிதர் என்ற விருதைத் தொடங்கியது. இன்று அது வால்டர் பேட்டனின் பெயரைத் தாங்குகிறது. பேஸ்பால் 1971-இல் தொடங்கிய விருதுக்கு 1973-இல் ரொபெர்ட்டோ கிளெமென்டேயின் பெயர் சூட்டப்பட்டது. நிகராகுவா நிலநடுக்கத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்கு நிவாரணப் பொருள் ஏற்றிச் சென்ற விமானம் 1972 டிசம்பர் 31-இல் கடலில் விழுந்து இறந்தவர் அவர். கூடைப்பந்து லீக் 1975-இல் சேர்ந்துகொண்டது. ஹாக்கி வந்து சேர இன்னும் பதின்மூன்று ஆண்டுகள் ஆயின.

தாமதத்துக்குக் காரணம் ஹாக்கிக்காரர்கள் கொடையில் பின்தங்கியிருந்தது அல்ல என்று நம்ப இடமுண்டு. நடத்தைக்குப் பரிசு தரும் பழக்கம் அவர்களிடம் முன்பே இருந்தது. கண்ணிய ஆட்டத்துக்கான லேடி பிங் கோப்பை 1925-இலேயே வந்துவிட்டது. விடாமுயற்சிக்கான பில் மாஸ்டர்டன் கோப்பை 1968-இல் வந்தது. ஆனால் இவ்விரண்டும் ஆட்டத்தை ஒட்டியவை. அரங்கத்துக்கு வெளியே வீரர் எப்படி வாழ்கிறார் என்பது லீக்கின் கவனத்துக்கு உரிய பொருளாக மாறியதுதான் 1988-இல் நடந்த மாற்றம்.

பெயருக்குரிய கிளான்சி கொடைவள்ளல் என்று அறியப்பட்டவர் அல்ல. ஒட்டாவாவில் பிறந்தவர். 1930-இல் டொராண்டோ மேப்பிள் லீஃப்ஸ் அணியின் கான் ஸ்மைத் 35,000 டாலரும் இரண்டு ஆட்டக்காரர்களும் கொடுத்து அவரை வாங்கினார். குதிரைப் பந்தயத்தில் ஜெயித்த பணமும் அந்தத் தொகையில் சேர்ந்திருந்தது என்பது ஹாக்கி உலகம் இன்றும் ரசித்துச் சொல்லும் கதை. பின்னர் நடுவராக, பயிற்சியாளராக, நிர்வாகியாக வாழ்நாளையே அந்த ஆட்டத்தில் கழித்து, 1986-இல் மறைந்தார். பந்தயக் காசில் வாங்கப்பட்டவரின் பெயரில் மனிதநேயக் கோப்பை இருப்பதில் தவறொன்றும் இல்லை, ஒரு சின்னச் சுவாரசியம் மட்டும் உண்டு.

அதே 1988-இல் பட்வைசர் பீர் நிறுவனத்தின் ஆதரவோடு ஆண்டின் சிறந்த மனிதர் என்று இன்னொரு விருதும் ஹாக்கியில் தோன்றியது. முதல் மூன்று ஆண்டுகளில் லானி மெக்டொனால்ட், பிரயன் ட்ராட்டியே, கெவின் லோ ஆகிய மூவருமே இரண்டு விருதுகளையும் வாங்கினார்கள். ஒரே ஆளுக்கு ஒரே ஆண்டில் ஒரே காரணத்துக்கு இரண்டு கோப்பைகள். 1992-க்குப் பிறகு பட்வைசர் விருது இல்லை. 1998-இல் என்.எச்.எல். அறக்கட்டளை விருது என்று மூன்றாவது ஒன்று முளைத்து, 2017 வரை ஓடி நின்றது. தேவை தெளிவாக இருந்த இடத்தில் இத்தனை விருதுகள் முளைத்து மறைந்திருக்குமா என்று சந்தேகிக்கலாம். எதைக் கௌரவிக்கிறோம் என்பது லீக்குக்கே நெடுநாள் பிடிபடவில்லை என்பதற்கு இது ஓர் அறிகுறி.

ஊருக்குப் பட்ட கடன்

முதல் விடை, பாரம்பரியமானது: வீரர் ஊரின் பிள்ளை. கனடாவின் சிற்றூர்களில் ஐஸ் அரங்கம் பெரும்பாலும் ஊர்ச் சொத்து. பயிற்சி தருபவர்கள் சம்பளமில்லாப் பெற்றோர்கள். விடியுமுன் பிள்ளைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போவதும், சாதனம் வாங்க முடியாதவர்களுக்கு மற்றவர்கள் பழையதைத் தருவதும் அங்கே வாழ்க்கை முறை. இப்படி வளர்ந்தவர் பெரிய லீக்குக்குப் போனதும் திருப்பித் தருவது இயல்பு. விருது அந்த இயல்பை நினைவூட்டும் சடங்கு. பிரெஞ்சு மானுடவியலாளர் மார்செல் மோஸ், கொடை பற்றிய தன் புகழ்பெற்ற ஆய்வில், எந்தக் கொடையும் திருப்பிக் கொடுக்கும் கடமையைக் கூடவே கொண்டுவருகிறது என்று வாதிட்டார். ஹாக்கி ஊர்களுக்கு அது நன்றாகவே பொருந்தும்.

இவ்விடையின் பலவீனம் ஒரே சொல்லில் இருக்கிறது: எந்த ஊர்? வீரரை வளர்த்த ஊர் ஒன்று, அவர் சம்பளம் வாங்கும் நகரம் வேறு. அணி நினைத்தால் இரவோடிரவாக அவரை இன்னொரு நகரத்துக்கு மாற்றிவிடலாம். சில நேரம் அணியே ஊரைவிட்டுப் போய்விடும். 1996-இல் கோப்பை வாங்கியவர் வின்னிபெக் ஜெட்ஸ் அணியின் தலைவர் கிரிஸ் கிங். அவர் விருது வாங்கிய அந்தக் கோடையிலேயே அணி மூட்டை கட்டிக்கொண்டு அரிசோனாவின் ஃபீனிக்ஸுக்குப் போனது. ஊருக்குச் செய்த தொண்டுக்கு விருது கொடுத்த லீக்தான், அந்த ஊர் அணியை இழப்பதற்கும் ஒப்புதல் கொடுத்தது.

பி.கே. சபனின் கதை இதைவிடச் சிக்கலானது. மான்ட்ரியால் கனேடியன்ஸ் அணியில் நட்சத்திரமாக இருந்த அவர், 2015 செப்டம்பரில் மான்ட்ரியால் குழந்தைகள் மருத்துவமனைக்கு ஏழு ஆண்டுகளில் 1 கோடி கனேடிய டாலர் சேர்ப்பதாக உறுதியளித்தார். முழுவதையும் தன் பையிலிருந்து தருவதாகச் சொல்லவில்லை, தன் அறக்கட்டளை வழியே திரட்டித் தருவதாகவே சொன்னார். அன்றைய செய்திகள் பலவற்றில் இந்த வேறுபாடு மங்கிப்போனது. ஒன்பது மாதம் கழித்து, 2016 ஜூன் இறுதியில், அணி அவரை நாஷ்வில்லுக்கு மாற்றிவிட்டது. மான்ட்ரியால் கொதித்தது. ஆனாலும் அவர் மருத்துவமனையோடு இருந்த உறவை முறித்துக்கொள்ளவில்லை. 2017-இல் கனடாவின் கவர்னர் ஜெனரல் அவருக்கு மெச்சத்தக்க சேவைக்கான சிலுவை விருதளித்தார். நாஷ்வில்லில் வசதியற்ற பிள்ளைகளையும் போலீஸ்காரர்களையும் சேர்த்து ஆட்டம் பார்க்க வைக்கும் திட்டம் ஒன்றைத் தொடங்கினார். கிங் கிளான்சி கோப்பை அவருக்குக் கடைசியில் 2022-இல்தான் கிடைத்தது. அப்போது அவர் நியூ ஜெர்சி ஆட்டக்காரர்.

மூன்று நகரங்கள், ஒரு கோப்பை. ஊர்க்கடன் என்ற விடை இங்கே இரண்டு விதமாகவும் வாசிக்கப்படும். மாற்றிவிடப்பட்ட பிறகும் மான்ட்ரியாலை விடாததால் அது உண்மையான பற்று என்று ஒரு தரப்பு சொல்லலாம். அணியின் முடிவுக்கு ஊரும் தொண்டும் ஒரு பொருட்டே இல்லை என்று மறுதரப்பு சொல்லலாம். இரண்டும் சரி என்றே தோன்றுகிறது.

சண்டைக்காரர்கள் வாங்கிய கோப்பை

கோப்பை வாங்கியவர்களின் பட்டியலைப் படிப்பவரை நிறுத்திவைக்கும் இடம் 1990-களின் பின்பாதி. 1998-இல் செயின்ட் லூயிஸின் கெல்லி சேஸ். 458 ஆட்டங்களில் அவர் அடித்த கோல்கள் 17. பெற்ற தண்டனை நிமிடங்கள் 2,017. அறக்கட்டளை விருதின் முதல் வெற்றியாளரும் அவரே. 1999-இல் பஃபலோவின் ராப் ரே. 900 ஆட்டங்கள், 41 கோல்கள், 3,207 தண்டனை நிமிடங்கள். அடிதடியில் அவர் தன் சட்டையைக் கழற்றிவிட்டு நிற்பதைத் தடுக்கவே, சட்டையைக் கால்சட்டையோடு பிணைத்துக் கட்டவேண்டும் என்ற விதி கடுமையாக்கப்பட்டது என்பார்கள். முன்னே சொன்ன கிரிஸ் கிங்கும் முஷ்டிக்குப் பெயர் போனவர்தான். அணியின் நட்சத்திரங்கள் மீது எவரும் கைவைக்காமல் பார்த்துக்கொள்வதே இவர்களுடைய வேலை.

உதடு கிழியச் சண்டை போடுபவர்கள் அடுத்தடுத்து மனிதநேய விருது வாங்கியது ஏன்? உளவியல் விளக்கம் தேடுபவர்கள் உண்டு: சண்டைக்காரர் தன் பிழைப்பின் முரட்டுத்தனத்தை வெளியே மென்மையால் ஈடுகட்டுகிறார் என்பது அவர்கள் வாதம். இதற்கு ஆதாரம் மெலிவு. அணியின் உள்கட்டமைப்பைப் பார்க்கும் விளக்கம் கூடுதல் நம்பிக்கை தருகிறது. இத்தகையவர்கள் ஒரு ஆட்டத்தில் சில நிமிடங்களே ஐஸில் இறங்குவார்கள். சம்பளம் நட்சத்திரங்களுடையதில் சிறு பங்கு. விளம்பர ஒப்பந்தங்கள் அரிது. ஆனால் சாதாரண ரசிகருக்கு நெருக்கமானவர்கள். மருத்துவமனை வார்டு, பள்ளிக்கூடம், நிதி திரட்டும் விருந்து என்று எங்கே கூப்பிட்டாலும் போவார்கள். தொண்டை நேரத்தால் அளந்தால் இவர்கள் முன்னே வருவார்கள்.

பிறகு அளவுகோல் மாறியது. 2009 முதல் 2017 வரை கோப்பை வாங்கிய ஒன்பது பேரில் எட்டுப் பேர் அப்போதைய அணித் தலைவர்கள். பாஸ்டனின் பட்ரீஸ் பெர்ஜரான் மட்டுமே விலக்கு. இதற்கு லீக் விளக்கம் தந்ததாகத் தெரியவில்லை, ஆனால் விருதின் வரையறையிலேயே தலைமைப் பண்பும் மனிதநேயமும் ஒட்டவைக்கப்பட்டிருக்கின்றன. சட்டையில் தலைவர் அடையாளம் உள்ளவரைப் பரிந்துரைப்பது அணிக்குச் சுலபம். சண்டைக்காரர் என்ற வகையே ஆட்டத்திலிருந்து மறைந்துவந்ததும் இன்னொரு காரணமாகலாம். எப்படியாயினும், 1998-இல் எவருக்குக் கிடைத்ததோ, அவரைப் போன்றவருக்கு 2015-இல் கிடைத்திருக்குமா என்பது ஐயமே.

லீக்கின் முகம்

இரண்டாவது விடை கசப்பானது: விருது வீரருக்கானதல்ல, லீக்குக்கானது. கதவடைப்புகள் (1994-95, 2004-05, 2012-13) ரசிகர்களைப் பலமுறை வெறுப்பேற்றின. அரங்கம் கட்ட நகராட்சிகளிடம் பொதுப்பணம் கேட்பது அணிகளின் வழக்கம்; எட்மண்டனில் 2016-இல் திறந்த ரோஜர்ஸ் பிளேஸுக்கும் நகரத்தின் பணம் பெருமளவில் போனது. பொதுமக்களிடம் கேட்பவர் தாமும் கொடுப்பவராகத் தெரிவது நல்லது. கேத்தி பேபியாக், ரிச்சர்ட் உல்ஃப் இருவரும் 2009-இல் வெளியிட்ட ஆய்வு இவ்வாதத்துக்கு நூல்பிடித்த ஆதாரம் தந்தது. அமெரிக்கத் தொழில்முறை அணிகளின் சமூகப் பொறுப்புப் பணிகளை, அணிக்குள்ளிருக்கும் வளங்களைவிட, லீக்கின் அழுத்தமும் சுற்றியுள்ளோரின் எதிர்பார்ப்புமே அதிகம் தீர்மானிக்கின்றன என்பது அவர்கள் கண்டது.

வாதம் வலுவானது, முழுமையானது அல்ல. லீக் தள்ளித்தான் வீரர்கள் செய்கிறார்கள் என்றால், வீரர் முன்னே போய் லீக் பின்னே வந்த இடங்களை எப்படிப் புரிந்துகொள்வது? ஆண்ட்ரூ ஃபெரென்ஸ் 2007-இல் டேவிட் சுசுகி அறக்கட்டளையோடு சேர்ந்து, விமானப் பயணங்களால் ஏற்படும் கார்பன் வெளியேற்றத்தை ஈடுகட்டும்படி சக ஆட்டக்காரர்களைத் திரட்டினார். லீக் தன் பசுமைத் திட்டத்தை அறிவித்தது 2010-இல். அவருக்குக் கோப்பை கிடைத்ததோ 2014-இல். ஏழு ஆண்டு இடைவெளியில் சுற்றுச்சூழல் பேசுவது விசித்திரம் என்ற நிலையிலிருந்து பாராட்டத்தக்கது என்ற நிலைக்கு வந்திருந்தது.

அதோடு, நோக்கத்தில் கலப்படம் இருந்தால் விளைவும் கெட்டுவிடும் என்று இவ்விமர்சகர்கள் மெல்ல நகர்ந்துவிடுகிறார்கள். ஃபுளோரிடாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் குழந்தைகள் புற்றுநோய், ரத்தநோய்ப் பிரிவுக்கு ஹாக்கி வீரர் வின்சென்ட் லெகவலியே 30 லட்சம் டாலர் தருவதாக உறுதி சொன்னபோது, அவர் அணியின் விளம்பரத் துறை மகிழ்ந்திருக்கலாம். அங்கே படுத்திருக்கும் பிள்ளைக்கு அதனால் மருந்து குறைந்துவிடாது.

எதை அளப்பது?

கோப்பையோடு பணமும் உண்டு. வென்றவர் தேர்ந்தெடுக்கும் தொண்டு நிறுவனத்துக்கு 25,000 டாலரும், இறுதிச்சுற்றில் நின்ற இருவர் சார்பாகத் தலா 5,000 டாலரும் லீக் தருகிறது. லெகவலியேயின் 30 லட்சத்துக்குப் பக்கத்தில் இது சில்லறை. ஆகவே விருதின் பயன் பணத்தில் இல்லை, முன்மாதிரி காட்டுவதில்தான் என்று ஆதரவாளர்கள் சொல்வது நியாயமே.

முன்மாதிரி வேலை செய்கிறதா? இங்கே இரண்டு ஆய்வு மரபுகள் எதிரெதிரே நிற்கின்றன. பிரிட்டிஷ் சமூகவியலாளர் ரிச்சர்ட் டிட்மஸ் 1970-இல், ரத்ததானத்துக்குக் காசு கொடுத்தால் தானாக முன்வருவோரின் மனம் கெட்டுவிடும் என்று எச்சரித்தார். வெகுமதி கொடையை வெளியே தள்ளும் என்ற வாதத்தின் ஊற்று அது. மறுபக்கம், புருனோ ஃப்ரே, ஜானா கேலஸ் போன்ற பொருளியலாளர்கள், காசும் கௌரவமும் ஒன்றல்ல என்று காட்ட முயன்றிருக்கிறார்கள். ஜெர்மன் விக்கிப்பீடியாவில் புதிதாக எழுதவந்த தன்னார்வலர்களில் குலுக்கல் முறையில் சிலருக்கு அடையாள விருது கொடுத்துப் பார்த்தார் கேலஸ். விருது பெற்றவர்கள் தொடர்ந்து எழுதும் விகிதம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கூடியது. ஊக்கம் தரும் முடிவுதான். ஆனால் பெயரறியாத் தன்னார்வலருக்குக் கிடைக்கும் சிறு பாராட்டும், லட்சக்கணக்கானோர் அறிந்த நட்சத்திரத்துக்குக் கிடைக்கும் இன்னொரு கோப்பையும் ஒரே வேலையைச் செய்யுமா? இந்த முடிவை ஹாக்கிக்கு அப்படியே எடுத்துவருவதில் தயக்கம் தேவை. அணியில் நேற்றுச் சேர்ந்த இளைஞர், தலைவர் விருது வாங்குவதைப் பார்த்துத் தானும் தொடங்குகிறாரா என்பதுதான் கேட்கவேண்டிய கேள்வி. அதைக் குலுக்கல் முறையில் சோதிக்க எந்த லீக்கும் சம்மதிக்காது.

அளவைச் சிக்கலுக்கு இன்னொரு முகம், வீரர்கள் பெயரில் நடக்கும் அறக்கட்டளைகளின் தரம். இ.எஸ்.பி.என். 2013-இல் பல விளையாட்டுகளையும் சேர்ந்த பிரபல வீரர்கள், வீராங்கனைகள் நிறுவிய 115 தொண்டு அமைப்புகளை ஆராய்ந்தது. இலாப நோக்கற்ற அமைப்புகளுக்கான நெறிகளில் ஏதாவது ஒன்றையேனும் எட்டாதவை 74 சதவீதம். இதில் பெரும்பாலானவை மோசடி என்று பொருளல்ல. அனுபவமில்லாத நண்பரோ உறவினரோ நடத்தும் அமைப்பில் கணக்கு ஒழுங்காக இருக்காது, திரட்டும் செலவு திரட்டிய தொகையைத் தின்றுவிடும். ஆனால் மேடையில் புகழப்படும் தொண்டின் பின்னால் கணக்குப்புத்தகம் ஒன்று இருக்கிறது, அதை விருதுக்குழு எவ்வளவு ஆழமாகப் புரட்டுகிறது என்பது வெளியில் தெரிவதில்லை. சமூகத்தில் தெளிவான, அளவிடத்தக்க விளைவு வேண்டும் என்று லீக்கின் நிபந்தனை சொல்கிறது. அளந்தவர் யார், எதைக்கொண்டு அளந்தார் என்று அறிவிப்புகள் பெரும்பாலும் சொல்வதில்லை. எத்தனை பிள்ளைகள் வந்தார்கள், எவ்வளவு சேர்ந்தது என்ற எண்களோடு நின்றுவிடும்.

எந்தத் தொண்டு பாதுகாப்பானது?

கோப்பை வாங்கியவர்களின் பணிகளைப் பார்த்தால் குழந்தைகள் மருத்துவமனையும் புற்றுநோயும் திரும்பத் திரும்ப வருகின்றன. லீக்கும் வீரர் சங்கமும் சேர்ந்து 1998 டிசம்பரில் தொடங்கிய புற்றுநோய் எதிர்ப்பு இயக்கம் இன்றும் ஒவ்வொரு பருவமும் ஊதா நிறத்தோடு அரங்கங்களை நிரப்புகிறது. இதில் குறை காண எவருக்கும் மனம் வராது. அதுவே கவனிக்கவேண்டியதும். எவரும் எதிர்க்காத பணிக்கே விருது போனால், எதிர்ப்பைச் சம்பாதித்துச் செய்யும் பணி எங்கே போகும்?

2020 இதற்குச் சோதனை ஆண்டு. ஜார்ஜ் ஃப்ளாய்ட் கொல்லப்பட்ட மின்னசோட்டாவில் ஆடியவர் மேட் டம்பா. தாய் வழியில் ஃபிலிப்பினோ. அக்கொலையை அடுத்த கலவரத்தில் சேதமான மினியாபொலிஸ் கடைவீதியை மீட்க நிதி திரட்டினார். ஆகஸ்ட் 1 அன்று, கொரோனா இடைநிறுத்தத்துக்குப் பிறகு எட்மண்டனில் ஆட்டம் மீண்டும் தொடங்கிய வேளையில், நிறவெறிக்கு எதிராக ஐஸின் நடுவில் நின்று பேசினார். அமெரிக்க தேசியகீதத்தின்போது மண்டியிட்டார். என்.எச்.எல். வரலாற்றில் ஐஸ் மீது அப்படிச் செய்த முதல் ஆட்டக்காரர் அவர். எதிரெதிர் அணிகளைச் சேர்ந்த இரு கறுப்பின வீரர்கள் அவர் தோளில் கைவைத்து இருபக்கமும் நின்றார்கள். அடுத்த மாதம் கிங் கிளான்சி கோப்பை அவருக்கே.

லீக் துணிந்துவிட்டது என்று அப்போது எழுதியவர்கள் பலர். அதற்கடுத்த மாதமே, டம்பாவும் நிறுவன உறுப்பினராக இருந்த ஹாக்கி பன்மைத்துவக் கூட்டணி, லீக்கிடமிருந்து விலகித் தனியே இயங்கப்போவதாக அறிவித்தது. லீக் பேச்சில் காட்டும் அக்கறையைச் செயலில் காட்டவில்லை என்பது அவர்கள் குறை. தனிமனிதரின் துணிவுக்குக் கோப்பை கொடுப்பதும், அவர் சொன்ன குறையைக் களைவதும் வேறு வேறு வேலைகள், முதலாவது மலிவு.

2023-இல் இதே முரண் வேறு வடிவில் திரும்பியது. ஆட்டத்துக்கு முந்தைய பயிற்சியில் சிறப்புச் சட்டைகள் அணிவதை அந்த ஆண்டு ஜூனில் லீக் நிறுத்தியது. அக்டோபரில், பால்புதுமையினருக்கு ஆதரவாக மட்டையில் வானவில் நாடா சுற்றுவதையும் தடை செய்தது. அரிசோனாவின் டிராவிஸ் டெர்மட் அக்டோபர் 21-இல் தடையை மீறி நாடா சுற்றி ஆடினார். மூன்று நாளில் தடை விலக்கப்பட்டது. ஆண்டுதோறும் சமூகப்பணிக்குப் பரிசளிக்கும் லீக், அதே ஆண்டில் ஒரு வகைச் சமூகப்பணிக்குத் தண்டனை விதிக்கவும் தயாராக இருந்தது. புற்றுநோய்க்கு எதிரி கிடையாது, அதனால் ஊதா நாடாவுக்கு இந்தக் கதி நேராது.

நட்சத்திரத்தின் நோயும் மருத்துவமனைக் கருவியும்

கடைசித் தரப்பு கொடையையே கேள்வி கேட்பது. பின்லாந்தைச் சேர்ந்த சாகு கோய்வு, மான்ட்ரியால் அணியின் தலைவர். 2001-இல் அவருக்கு நிணநீர்ப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. நோயைத் துல்லியமாகக் காட்டும் பெட் ஸ்கேன் எடுக்க அவர் 150 கிலோமீட்டர் தள்ளியிருந்த ஷெர்புரூக் நகரத்துக்குப் போகவேண்டியிருந்தது. குணமாகித் திரும்பியவர் அறக்கட்டளை தொடங்கி, மான்ட்ரியால் பொது மருத்துவமனைக்கு அக்கருவி வரப் பாடுபட்டார். 2007-இல் கோப்பை அவருக்கு. பட்டியலில் இதைவிடத் தெளிவான பயன் தந்த பணி அதிகம் இல்லை.

இருந்தும் கேள்வி எழும். கனடாவில் மருத்துவம் அரசின் பொறுப்பு. 1984-இன் சுகாதாரச் சட்டம் அதை உறுதிசெய்கிறது. ஆனால் விலையுயர்ந்த கருவிகள் பல, மருத்துவமனை அறக்கட்டளைகள் திரட்டும் நன்கொடையால்தான் வருகின்றன. ஒரு பெருநகரத்துக்குப் பெட் ஸ்கேன் வருவதற்கு அதன் ஹாக்கித் தலைவர் நோயுற வேண்டியிருந்ததா? நட்சத்திரம் இல்லாத ஊருக்கு, நட்சத்திரங்களுக்கு வராத நோய்களுக்கு யார் திரட்டுவது? ஸ்டான்ஃபோர்டின் ராப் ரீச் 2018-இல் வெளியிட்ட நூலில், பெருங்கொடை என்பது அதிகாரத்தின் ஒரு வடிவம், ஜனநாயகத்தில் அதற்குக் கண்காணிப்பு வேண்டும் என்றார். அவர் மனத்திலிருந்தவர்கள் பெருங்கோடீஸ்வரர்கள். ஹாக்கி வீரர்கள் அவ்வரிசையில் வரமாட்டார்கள், எனினும் எந்த நோய்க்குக் கவனம் கிடைக்கும் என்பதில் அவர்களுடைய குரலுக்கு அவர்கள் பணத்தைவிட எடை அதிகம்.

அந்த எடை நல்லதற்கும் உதவும் என்பதற்கு ஒட்டாவாவின் டேனியல் ஆல்ஃப்ரெட்சன் சான்று. தன் சகோதரியின் பதற்ற நோயைப் பற்றிப் பொதுவில் பேசி, மனநல சிகிச்சைக்காகக் குரல் கொடுத்தார். 2012-இல் கோப்பை பெற்றார். வலியை மறைத்து ஆடுவதே வீரம் என்று கருதும் ஆட்டத்தில் அணித் தலைவர் மனநோயைப் பற்றிப் பேசியது எத்தனை பேரை மருத்துவரிடம் அழைத்துச் சென்றது என்று எண்ண வழியில்லை. கொடையை அதிகாரமென்று மட்டும் பார்க்கும் கோட்பாட்டுக்குள் இது அடங்காது.

பரிந்துரைப்பவர் யார்?

இதுவரை பார்த்த விடைகளில் எதுவும் முழுத் தவறல்ல, ஆனால் எல்லாத் தரப்பும் வீரரின் மனத்தையே துருவுகின்றன. அவர் உண்மையாகச் செய்தாரா, பெயருக்காகவா, கடனுக்காகவா? கவனம் பெறாமல் போவது விருது நடைபெறும் விதம். 32 அணிகள் தலா ஒருவரைப் பரிந்துரைக்கின்றன. முன்பு ஹாக்கிப் பத்திரிகையாளர்களும் ஒலிபரப்பாளர்களும் கொண்ட குழு தேர்ந்தெடுத்தது. பிற்காலத்தில் லீக் ஆணையரும் துணை ஆணையரும் தலைமை தாங்கும் மூத்த நிர்வாகிகள் குழு தேர்ந்தெடுக்கிறது. வீரரின் நற்பெயரால் லாபம் அடைவது அணி, பரிந்துரைப்பதும் அணி. லீக்குக்கும் அப்படியே. பயன் பெற்ற மருத்துவமனைக்கோ பள்ளிக்கோ ஊருக்கோ இவ்விரு படிகளிலும் முறையான வாக்கு இல்லை. மாப்பிள்ளை வீட்டாரே பெண் வீட்டாராகவும் உட்கார்ந்து பேசி முடிக்கும் சம்பந்தம் இது. முடிவு நல்லதாகவே அமையலாம், அமைந்தும் இருக்கிறது. ஆனால் அணிக்குச் சங்கடம் தரும் தொண்டு முதற்படியையே தாண்டாது என்பதை ஊகிக்கப் பெரிய கோட்பாடு வேண்டியதில்லை.

லீக்கே இந்த இடைவெளியை ஓரளவு உணர்ந்திருக்கலாம். 2018-இல் அது வில்லி ஓரீ சமூக நாயகர் விருதைத் தொடங்கியது. 1958 ஜனவரி 18-இல் மான்ட்ரியாலில் பாஸ்டனுக்காகக் களமிறங்கி, லீக்கின் முதல் கறுப்பின ஆட்டக்காரர் ஆனவர் ஓரீ. இவ்விருது பெரிய சம்பளக்காரர்களுக்கல்ல. ஹாக்கி மூலம் தன் ஊரை மாற்றுபவர்களுக்கு. முதல் விருது, 2018 ஏப்ரலில் 16 உயிர்களைப் பறித்த சஸ்காட்செவன் பேருந்து விபத்தில் மறைந்த ஹம்போல்ட் பிராங்கோஸ் பயிற்சியாளர் டார்சி ஹாகனுக்கு. இறுதித் தேர்வில் பொதுமக்கள் வாக்குக்கும் இடமிருக்கிறது. ஆக, சாதாரண மனிதரின் தொண்டை மதிப்பிட ஊரைக் கேட்கலாம், நட்சத்திரத்தின் தொண்டை மதிப்பிட நிர்வாகிகளே போதும் என்ற இரட்டை ஏற்பாடு நிலவுகிறது. இதற்கு நியாயமான காரணம் இருக்கலாம். பொதுவாக்கு என்றால் பிரபலத்துக்குத்தான் விழும் என்ற அச்சம் அவற்றில் ஒன்று. அப்படியானால் பயன்பெற்றவர்கள், கணக்காய்வு தெரிந்தவர்கள், ஓய்வுபெற்ற வீரர்கள் கொண்ட குழுவை ஏன் வைக்கக்கூடாது என்பதற்கு விடை வரவில்லை.

தீராமல் நிற்பவை வேறு சிலவும் உண்டு. விருது பெற்ற திட்டங்களில் எத்தனை ஐந்து, பத்து ஆண்டு கழித்தும் நடக்கின்றன என்ற தொடர்கணக்கு இல்லாதவரை, முன்மாதிரி என்ற வாதமும் முகப்பூச்சு என்ற வாதமும் ஒரே அளவு ஆதாரத்தோடுதான் நிற்கும். திட்டத்தை உண்மையில் நடத்தும் மனைவியர், அணி அறக்கட்டளையின் ஊழியர்கள் ஆகியோரின் உழைப்பை எப்படிக் கணக்கில் சேர்ப்பது என்பதும் தெளிவாகவில்லை. 2018-இல் சேடின் இரட்டையர் இருவருக்கும் சேர்த்துக் கோப்பை தந்தபோது ஒருவருக்கு மேல் கொடுக்கலாம் என்று நிறுவப்பட்டுவிட்டது. சகோதரரல்லாத, ஆட்டக்காரரல்லாத கூட்டாளிக்கு அது நீளவில்லை. சபன் கோப்பை வாங்கிய 2022-லேயே, மான்ட்ரியாலுக்குத் தந்த ஏழாண்டு வாக்குறுதியின் காலம் முடியும் தறுவாயில், ஓய்வையும் அறிவித்தார். ஓய்வுபெற்றவர்களை அணிகள் பரிந்துரைப்பதில்லை. சம்பளமும் சட்டையும் போன பிறகு தொண்டு எவ்வளவு நாள் நீடிக்கிறது என்பதே நோக்கத்தைப் பற்றிய பழைய வழக்குக்கு மிக நேரான சான்றாக இருக்கும். 1988-இல் கோப்பை வாங்கிய மெக்டொனால்டிலிருந்து தொடங்கி அந்தக் கணக்கை யாரேனும் எடுக்கலாம். பெயர்கள் எல்லாம் பொதுவில்தான் இருக்கின்றன.